குவில்ட் தைக்க மெஷின் வாங்குகிறீர்களா? அளவான பணத்தில் நல்லதைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

துணித் துண்டுகளைச் சேர்த்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதைத் தைக்க ஆசைப்பட்டு மெஷின் தேடத் தொடங்கும் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது தையல் வகைகளின் எண்ணிக்கைதான். 60, 100, 200 என்று பெட்டி மேலேயே பெரிதாகப் போட்டிருப்பார்கள். நானும் என் முதல் மெஷினை அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். பூ, இலை, கொடி என்று அதில் இருந்தவற்றில் இத்தனை வருடத்தில் நான் பயன்படுத்தியது நேர்த்தையல், சிக்-சாக், அப்ளிக் (துணி மேல் வேறு துணியில் வெட்டிய உருவத்தை வைத்துத் தைப்பது) ஓரத்துக்கான பிளாங்கெட் தையல், இந்த மூன்றுதான். ஆனால் முதல் குவில்ட்டை அடுக்கித் தைக்க ஆரம்பித்ததும் மேல் துணி மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி ஓரத்தில் மேடு மாதிரி குவிந்து நின்றது, அதைப் பிரித்தெடுக்கவே இரண்டு சாயங்காலம் ஆனது, அப்போதுதான் குவில்ட்டுக்கு ஒரு மெஷினிடம் கேட்க வேண்டியது வேறு என்று புரிந்தது.

கேட்க வேண்டியது மூன்று. துணி ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டு, அதாவது கால் இஞ்ச் மார்ஜினில், கோணாமல் தைக்க வேண்டும். மூன்று அடுக்கையும் ஒரே சீராக நகர்த்த வேண்டும். சுருட்டிய குவில்ட் உள்ளே போக இடம் வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருக்கும் எளிமையான மெஷின், இருநூறு தையல் போடும் மெஷினைவிட உங்களுக்கு அதிகம் உதவும். எப்படித் தேடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. எந்த வேலைக்கு மெஷின் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

குவில்ட் தைப்பது ஒரே வேலை இல்லை. துணியை வெட்டித் துண்டுகளைச் சேர்த்து மேல்பாகத்தைத் தைப்பது ஒன்று. அந்த மேல்பாகம், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் அடுக்கிச் சேர்த்துத் தைப்பது இரண்டாவது, குவில்டிங் என்பது உண்மையில் இதுதான். ஓரத்தில் பட்டி வைத்து மூடுவது மூன்றாவது. முதல் வேலைக்கு நேர்த்தையல் ஒழுங்காகப் போடும் எந்த மெஷினும் போதும், பழைய கால் மெஷினாக இருந்தாலும் சரி. மூன்றாவதற்குக் கனமான ஓரத்தைத் தாண்டுகிற பலம் இருந்தால் போதும். அதிகப் பணம் கேட்பது இரண்டாவது வேலைதான்.

அதனால் ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். குவில்டிங்கை மெஷினிலேயே செய்யப் போகிறீர்களா, கையால் ஓட்டுத் தையல் போடப் போகிறீர்களா, அல்லது லாங்ஆர்ம் என்கிற பெரிய மெஷின் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்களிடம் தரப் போகிறீர்களா? அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் தைக்க நினைக்கும் மிகப் பெரிய குவில்ட் என்ன அளவு? கையால்தான் குவில்டிங் என்றால் கீழே 2-ம் பகுதியையும் பழைய மெஷின் பற்றியதையும் மட்டும் படித்தால் போதும். குழந்தைக்குப் போர்த்தும் அளவு, அதாவது ஒரு மீட்டர் சதுரம் வரை என்றால் சாதாரண வீட்டு மெஷினே தாராளமாகப் போதும். இரட்டைக் கட்டில் அளவு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதைப் பிறகு பார்ப்போம்.

2. கால் இஞ்ச் துல்லியம்

குவில்ட்டில் மார்ஜின் என்பது கால் இஞ்ச், 6.35 மி.மீ. சட்டை தைக்கும்போது ஒரு மி.மீ. அங்கே இங்கே போனால் யாருக்கும் தெரியாது. இங்கே கணக்கு வேறு. ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துண்டிலும் 1 மி.மீ. கூடுதலாக எடுத்துக்கொண்டால் தையலுக்கு 2 மி.மீ. குறையும். ஒரு வரிசையில் 10 துண்டுகள் இருந்தால் 9 தையல், ஆக 18 மி.மீ. குறைவு. அதன் கீழ் வரிசையில் 4 பெரிய துண்டுகள்தான் என்றால் 3 தையல், 6 மி.மீ. மட்டும் குறைவு. இப்போது ஒன்றாகச் சேர வேண்டிய இரண்டு வரிசைக்கும் நடுவே 12 மி.மீ. வித்தியாசம் நிற்கும், எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் மூலைகள் சேராது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் நாலு இஞ்ச் நீளத்துக்கு மூன்று பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் மார்ஜின் அதிகமாகப் போகிறது, கூடினால் மார்ஜின் போதவில்லை. அனுபவமுள்ளவர்கள் கால் இஞ்சைவிட ஒரு நூலிழை குறைவாக மார்ஜின் விட்டுத்தான் தைப்பார்கள், ஏனென்றால் துணி மடங்கித் திரும்பும் இடத்திலும் கொஞ்சம் அளவு போய்விடும். அந்த ஒரு நூலிழையை நகர்த்த மெஷின் இடம் தருகிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. ஊசியைச் சிறு சிறு படியாக இடமும் வலமும் நகர்த்தும் வசதி இருந்தால் மிக எளிது. ஊசி நடுவிலும் இடது ஓரத்திலும் மட்டும்தான் நிற்கும் என்றாலும் பரவாயில்லை, ஊசித் தட்டில் மாஸ்க்கிங் டேப்பை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி ஒரு தடுப்பு வைத்துக்கொண்டால் அதே வேலை நடக்கும். ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகத்துக்கு ஃபுட் என்று பெயர், கால் இஞ்ச் மார்ஜினுக்கென்றே இருக்கும் கால் இஞ்ச் ஃபுட் அந்த மாடலுக்குத் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று ஊசித் தட்டின் அகலம். 9 மி.மீ. அகலத்துக்குச் சிக்-சாக் போடும் மெஷினில் ஊசித் துளையும் அகலம், துணியை இழுக்கும் பல்வரிசையும் தள்ளித் தள்ளி இருக்கும். கால் இஞ்ச் மார்ஜினில் தைக்கும்போது வலது பக்கப் பல்லுக்குத் துணி எட்டாது, இடது பக்கம் மட்டும் இழுக்கும், துணி மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பும். முக்கோணத் துண்டின் கூர்முனை அந்த அகலத் துளைக்குள் சிக்கி உள்ளே போய்விடுவதும் உண்டு. விலை குறைந்த மெஷின்கள் பெரும்பாலும் 5 அல்லது 7 மி.மீ. தான், குவில்ட்டுக்கு அதுவே நல்லது. சின்ன வட்டத் துளை மட்டும் உள்ள நேர்த்தையல் தட்டு தனியாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஆனால் அதை மாட்டியிருக்கும்போது சிக்-சாக்குக்கு மாற்றினால் ஊசி தட்டில் அடித்து உடையும்.

3. மூன்று அடுக்கையும் ஒன்றாக நகர்த்துவது

சாதாரண மெஷினில் துணியை இழுப்பது கீழே இருக்கும் பல்வரிசை மட்டும். மேலே பிரஷர் ஃபுட் சும்மா அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அடித்துணியைப் பல் பிடித்துப் பின்னால் கொண்டுபோக, மேல் துணி ஃபுட்டில் உரசிப் பின்தங்க, நடுவில் வழுக்கும் பஞ்சு வேறு இருக்க, ஒவ்வொரு தையலிலும் இம்மியளவு விலகி விலகிக் கடைசியில் அந்த மேடு வருகிறது. நான் இரண்டு சாயங்காலம் பிரித்தது அதைத்தான்.

இதற்கு மருந்து வாக்கிங் ஃபுட். ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். சாதாரண ஃபுட்டைவிட நாலு மடங்கு பெரிதாக, பெட்டி மாதிரி இருக்கும். அடியைத் திருப்பினால் அதற்கும் ரப்பரில் அல்லது உலோகத்தில் பல் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனி கவட்டை மாதிரி பிரிந்திருக்கும். அந்தக் கை ஊசியைப் பிடிக்கும் திருகின் மேல் உட்கார வேண்டும். ஊசி மேலே போகும்போது கையும் மேலே போகும், அப்போது மேல் பல் இறங்கித் துணியைப் பிடித்துக் கீழ்ப் பல்லோடு சேர்ந்து பின்னால் நடக்கும். மேலும் கீழும் ஒரே நடை, அதனால்தான் அந்தப் பெயர். வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கையைத் திருகின் மேல் வைக்காமல் விட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே நீங்கள் பார்க்கும் மெஷினுக்கு வாக்கிங் ஃபுட் கிடைக்குமா, கூடவே வருகிறதா என்று உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். ஃபுட்டுகள் மாட்டும் தண்டுக்கு ஷாங்க் என்று பெயர், அது எல்லா மெஷினிலும் ஒரே உயரம் இல்லை. ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு, ஃபுட் மாட்டும் திருகிலிருந்து ஊசித் தட்டு வரை அளந்தால் முக்கால் இஞ்ச் இருப்பது லோ ஷாங்க், ஒன்றேகால் இஞ்ச் இருப்பது ஹை ஷாங்க். சாய்வான ஷாங்க் உள்ள பழைய மாடல்களும் உண்டு. லோ ஷாங்க் மெஷின் என்றால் பொதுவான ஃபுட்டுகள் பலவும் அதில் மாட்டும், விலையும் குறைவு, கையில் பணம் அளவாக இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சில கம்பெனிகள் தங்கள் ஃபுட் மட்டுமே சேரும்படி வைத்திருக்கும், அந்த வகையில் மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் பிறகு ஒவ்வொரு ஃபுட்டுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க ஒரு திருகோ டயலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பஞ்சு வைத்த அடுக்குக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினாலே துணி தள்ளுவது பாதி குறையும். ஃபுட் லீவரை வழக்கமான உயரத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் தூக்க முடிந்தால் தடித்த அடுக்கை உள்ளே செருக வசதி.

4. ஊசிக்கு வலது பக்கம் எவ்வளவு இடம்?

ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் சொல்கிறேன். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் இது 6 முதல் 7 இஞ்ச். குவில்ட்டுக்கென்று செய்யும் மெஷின்களில் 8 முதல் 11 இஞ்ச் வரை போகும், விலையும் அதோடு ஏறும். அளவு நாடாவை எடுத்துப்போய் நீங்களே அளங்கள். அகலம் மட்டும் இல்லாமல் மேல் கைக்குக் கீழே உள்ள உயரத்தையும் அளங்கள், சுருட்டிய குவில்ட் நுழைவது அந்த உயரத்தில்தான்.

90 இஞ்ச் அகலக் குவில்ட்டின் நடுவில் தைக்கும்போது 45 இஞ்ச் துணியும் பஞ்சும் சுருண்டு அந்த ஆறு இஞ்சுக்குள் கிடக்க வேண்டும். முடியாது என்று சொல்ல மாட்டேன், மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பும் நேர்க்கோட்டுக் குவில்டிங்கும் என்றால் பலர் அப்படித்தான் தைத்து முடிக்கிறார்கள். தோள் வலிக்கும், அடிக்கடி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வளைவு வளைவாக ஓட்ட ஆசைப்பட்டால் நடுப்பகுதியில் கை திரும்பவே இடம் இருக்காது.

பெரிய இடைவெளிக்குப் பணம் இல்லை என்றால் வேறு வழி இருக்கிறது, நான் மனதார சிபாரிசு செய்யும் வழி. குவில்ட்டை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பஞ்சோடு தனித்தனியாகக் குவில்ட் செய்து, கடைசியில் ஒன்றாக இணைப்பது. அப்போது தூணுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு நேரத்தில் பதினைந்து இஞ்ச் துணிக்கு மேல் வராது, ஆறு இஞ்ச் இடைவெளியே போதும். இணைக்கும் தையலை மறைக்க ஒரு பட்டி வைக்க வேண்டும், கூடுதல் வேலைதான், ஆனால் மெஷின் விலையில் மிச்சமாகும் பணத்தை நினைத்தால் தாராளமாகச் செய்யலாம்.

இடைவெளியைவிட மேஜை முக்கியம் என்றுகூடச் சொல்வேன். மெஷினின் தட்டும் சுற்றியுள்ள பரப்பும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் குவில்ட்டின் கனம் இடது பக்கம் தொங்கிக்கொண்டு ஊசியை இழுக்கும், தையல் சிறுத்துப்போகும், ஊசி வளையும், சில சமயம் உடையும். கூடவே நீட்டிப்பு மேஜை வரும் மாடல்களை முதலில் பாருங்கள். வராவிட்டால் கெட்டியான தெர்மாகோல் அட்டையில் மெஷின் அளவுக்கு வெட்டி எடுத்து, தட்டின் உயரத்துக்கு அடுக்கி நீங்களே செய்துகொள்ளலாம். இடது பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேஜையையோ இஸ்திரிப் பலகையையோ ஒட்டிப் போட்டால் கனம் கீழே சரியாது.

5. கை போன போக்கில் தைக்க ஆசை இருந்தால்

பல்வரிசையைக் கீழே இறக்கிவிட்டு, துணியை நாமே கையால் நகர்த்தி வளைவு, பூ, கொடி என்று போடுவது. இதற்குப் பல்லை இறக்கும் லீவர் வேண்டும், பெரும்பாலும் மெஷினின் பின்பக்கம் அடியில் இருக்கும். லீவர் இல்லாத மாடல்களில் பல்லை மூடும் தட்டு தருவார்கள், அதுவும் சரிதான். இரண்டும் இல்லாவிட்டால் தையல் நீளத்தை 0-வில் வைத்தும் தைக்கலாம், பல் ஏறி இறங்குமே தவிர துணியை இழுக்காது. துணியைத் தடையில்லாமல் நகர விடும் டார்னிங் ஃபுட் ஒன்றும் வேண்டும். இதற்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள்.

6. மெக்கானிக்கலா, கம்ப்யூட்டர் வகையா?

மெக்கானிக்கல் மெஷினில் டயலைத் திருப்பினால் உள்ளே கம்பியும் கேம் என்கிற மேடுபள்ளச் சக்கரமும் நகர்ந்து தையல் மாறும். பழுது பார்ப்பது எளிது, நீண்ட நாள் ஓடும். கம்ப்யூட்டர் வகையில் எலக்ட்ரானிக் போர்டு அதைச் செய்கிறது, அது போய்விட்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவில் சில சமயம் இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம், பழைய மாடல் என்றால் போர்டே கிடைக்காது.

ஆனாலும் கம்ப்யூட்டர் வகையில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள் கீழேயே நிற்பது. குவில்ட்டில் ஒரு மூலையில் நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பித் தொடர வேண்டிய இடம் நூற்றுக்கணக்கில் வரும், ஊசி மேலே நின்றுவிட்டால் அந்த இடம் விலகிவிடும். மற்றொன்று, வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் நழுவு பொத்தான், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் நீங்கள் வைத்த வேகத்தைத் தாண்டாது. மெக்கானிக்கல் மெஷினில் ஊசியை இறக்கக் கைச்சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இரண்டு நாளில் கை பழகிவிடும், எப்போதும் உங்களை நோக்கித்தான் திருப்ப வேண்டும், எதிர்ப்பக்கம் திருப்பினால் நூல் சிக்கும்.

பிரதர் சிஎஸ்6000ஐ மாதிரியான ஆரம்ப விலை கம்ப்யூட்டர் மெஷினில் வாக்கிங் ஃபுட், நீட்டிப்பு மேஜை இரண்டும் கூடவே வந்தன, குவில்ட் தைப்பவர்கள் அதை அவ்வளவு பேசியதற்கு அதன் 60 தையலைவிட இந்த இரண்டும்தான் காரணம் என்பது என் எண்ணம். இன்னொரு பக்கம் ஜூகி டிஎல்-2010கியூ மாதிரி நேர்த்தையல் மட்டுமே போடும் மெஷின்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 1,500 தையல் வரை போகும், இடைவெளி எட்டரை இஞ்ச் அளவுக்கு, முழங்காலால் ஃபுட்டைத் தூக்கலாம். விலை ஆரம்ப மெஷின்களைவிட நன்றாகவே அதிகம், ஆனால் கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து, பழையதாக ஒன்று கிடைத்தால் குவில்ட்டுக்கென்றே பிறந்த மாதிரி வேலை செய்யும்.

வாட் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, ஊசி எவ்வளவு பலமாகக் குத்தும் என்பதை இல்லை. "ஹெவி டியூட்டி" என்ற சொல்லுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. துணியில் தைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

7. பழைய மெஷின்

அளவான பணத்தில் உண்மையிலேயே நல்ல மெஷின் வேண்டுமென்றால் பழையதைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். இரும்பு உடம்புள்ள நேர்த்தையல் மெஷின்கள் ஐம்பது, அறுபது வருடத்துக்குப் பிறகும் அழகாகத் தைக்கின்றன. 1933-ல் வந்த சிங்கர் 221-ஐ இன்றும் குவில்ட் தைப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். நேர்த்தையல் மட்டும்தான், எடை சுமார் 5 கிலோ, ஆனால் அதன் தையல் கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பெயராலேயே விலையும் ஏறிக்கிடக்கிறது என்பதால், அதே காலத்து மற்ற இரும்பு மெஷின்களைப் பாருங்கள், தையல் ஏறக்குறைய அதே தரம், கேட்பார் குறைவு.

பார்க்கப் போகும்போது இந்த வரிசையில் பாருங்கள். முதலில் மின்சாரம் கொடுக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும். முழுக்க இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும், சுத்தம் செய்து தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் இளகிவிடும். ஆனால் சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் கடக்கென்று தட்டினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அப்புறம் ஊசித் தண்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் தேய்மானம் அதிகம்.

ஊசித் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் பஞ்சும் தூசும் அடைத்துக் கிடந்தால் யாரும் கவனித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், அதற்காக விட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஊசித் துளையின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள், நகம் தட்டினால் நூலும் அங்கே தட்டி அறும். தட்டை மாற்றலாம், அல்லது மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாம். அடி நூல் சுற்றும் பாபினும் அதை வைக்கும் பாபின் கேஸும் கூடவே இருக்கின்றனவா? ஒரே மாதிரி தெரியும் பாபின்கள் உயரத்தில் மயிரிழை மாறினாலும் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், கெட்டுவிடும், அதனால் அந்த மாடலுக்கான சரியான பாபின் இன்றும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். ஊசியும் அப்படித்தான். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் 15x1 ஊசி, இன்றைய பெயரில் 130/705 எச், அது பொருந்தினால் கவலையே இல்லை. வேறு வகை ஊசி கேட்கும் மெஷினை அழகுக்காக வாங்கலாம், தைக்க வேண்டாம்.

வயர்களை மறக்காதீர்கள். மேலுறை வெடித்திருந்தால் அதை மாற்றாமல் பிளக்கில் சொருகவே கூடாது. மோட்டாரில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜ் உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், வேறு நாட்டிலிருந்து வந்த மெஷினில் இது மாறியிருக்கும், உள்ளே இருக்கும் பல்பும் அதே கணக்குதான். ஓடவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மோட்டாரையும் பெடலையும் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு சரி, கருகல் வாசம் வந்தால் வேண்டாம். 1960-களுக்குப் பிறகு வந்த பல சிக்-சாக் மாடல்களின் உள்ளே நைலான் கியர் இருக்கும், அது காலப்போக்கில் வெடிக்கும், மாற்றுக் கியர் கிடைக்கிறதா என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

கால் மெஷின் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கையும் துணியில் இருக்கும், வேகம் முழுக்க உங்கள் காலில், கரண்ட் போனாலும் வேலை நிற்காது, துண்டு சேர்ப்பதற்கு அவ்வளவு நிதானமான மெஷின் கிடையாது. கையால் சுற்றும் மெஷினில் ஒரு கை எப்போதும் சக்கரத்திலேயே மாட்டிக்கொள்ளும், சின்னத் துண்டுகளுக்குச் சரி, பெரிய குவில்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

8. பணத்தை எப்படிப் பிரிப்பது

கையில் இருப்பதை முழுக்க மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். நான் பத்தில் ஏழு பங்கை மெஷினுக்கு வைப்பேன். மீதி மூன்று பங்கில் வாக்கிங் ஃபுட், கால் இஞ்ச் ஃபுட், நல்ல ஊசிகள், நல்ல பருத்தி நூல், பழைய மெஷின் என்றால் ஒரு சர்வீஸ், எல்லாம் அடங்க வேண்டும். ஒரு வேளை பட்ஜெட் இன்னும் இறுக்கம் என்றால், மெஷினைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாக்கிங் ஃபுட்டைக் குறைக்காதீர்கள். சுமாரான மெஷினில் நல்ல வாக்கிங் ஃபுட் போட்டுத் தைத்த குவில்ட், விலை உயர்ந்த மெஷினில் சாதாரண ஃபுட் போட்டுத் தைத்ததைவிடத் தட்டையாக வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

9. வாங்கும் இடத்துக்கு எடுத்துப்போக வேண்டிய பை

கடையில் டெமோவுக்குக் கெட்டியான வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துத் தைத்துக் காட்டுவார்கள். அதில் எந்த மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். உங்கள் பையில் இவற்றை எடுத்துப்போங்கள்: ஒன்றரை இஞ்ச் பட்டைகள் ஆறு, ஓர் அடிச் சதுரத்தில் துணி, பஞ்சு, துணி என்று அடுக்கிப் பின் குத்திய ஒரு மாதிரி, இரண்டு நிறத்தில் நூல், 80/12 அளவிலும் 90/14 அளவிலும் புது ஊசிகள், அளவு நாடா, ஸ்கேல். 80 என்பது ஊசித் தண்டின் பருமன் 0.80 மி.மீ. என்பதைக் குறிக்கும், துண்டு சேர்க்க அது, குவில்டிங்குக்கு 90.

புது ஊசியை நீங்களே மாட்டுங்கள். தையல் தவறுகிற மெஷினில் பாதி நேரம் குற்றவாளி மழுங்கிய ஊசிதான், அதை முதலிலேயே விலக்கிவிட்டால் மெஷினின் உண்மையான குணம் தெரியும். மேலே ஒரு நிறம், பாபினில் இன்னொரு நிறம் போடுங்கள். தையல் நீளத்தை 2 மி.மீ.யில் வைத்துப் பட்டைகளைச் சேர்த்துத் தையுங்கள். முதல் இரண்டு தையலில் துணி உள்ளே இழுபடுகிறதா, கடைசியில் ஒரு பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு நீளத்தை 3-க்கு மாற்றி, வாக்கிங் ஃபுட் போட்டு, அடுக்கு மாதிரியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரு கோடு, பக்கத்தில் எதிர்த் திசையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் துணி சாய்வாக இழுத்துக்கொண்டு சுருக்கம் விழுந்தால் அடுக்குகள் நழுவுகின்றன என்று பொருள். மேல்பக்கம் பாபின் நூலின் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம், அடிப்பக்கம் மேல் நூல் தெரிந்தால் தளர்வு. டயலை நகர்த்தி அதைச் சரி செய்ய முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, மிக மெதுவாகத் தைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தையலாக, பெடலில் கால் வைத்தும் வைக்காமலும். அந்த வேகத்தில் ஊசி அடுக்கைக் குத்தாமல் முனகி நின்று, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று பாய்கிற மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் குவில்ட்டுக்கு உதவாது. வேகம் எல்லா மெஷினிலும் வரும், நிதானம்தான் வராது.

ஆன்லைனில் வாங்கினால் இதெல்லாம் முடியாது. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று பார்த்து, பெட்டி வந்த அன்றே இதே சோதனைகளை வீட்டில் செய்யுங்கள். பட்டியலில் "குவில்டிங் மெஷின்" என்று எழுதியிருப்பதை நம்பாமல், கூட வரும் பொருள்களில் வாக்கிங் ஃபுட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த மாடலின் கையேடு இணையத்தில் கிடைத்தால் வாங்கும் முன்பே இறக்கிப் படித்துவிடுங்கள், பல்லை இறக்கும் லீவர் உண்டா, ஊசி எத்தனை இடத்தில் நிற்கும், எண்ணெய் விட வேண்டுமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும்.

10. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

உடனே குவில்ட்டைத் தொடங்காதீர்கள். அடுக்கு மாதிரிகள் பத்து செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றம் மட்டும் செய்து தையுங்கள், அழுத்தம் குறைத்து ஒன்று, நூலை மாற்றி ஒன்று, தையல் நீளம் மாற்றி ஒன்று என்று. தைத்த துணியின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்: ஊசி 90, நீளம் 3, டென்ஷன் 4, எந்த நூல், எந்தப் பஞ்சு. சுமார் எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுங்கள், பாபின் மாற்றும்போதெல்லாம் அந்த இடத்தைத் தூரிகையால் ஒரு தடவை தட்டிவிடுங்கள், பஞ்சு வைத்துத் தைக்கும்போது தூசு நீங்கள் நினைப்பதைவிட வேகமாகச் சேரும். எழுதிய மாதிரிகளைத் துளை போட்டு ஒரு வளையத்தில் கோத்து மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டால், ஆறு மாதம் கழித்து அடுத்த குவில்ட்டை எடுக்கும்போது எதையும் புதிதாகத் தேட வேண்டியிருக்காது.